வைணு பாப்பு

மணலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 – ஆகஸ்ட் 19, 1982) சென்னையில் பிறந்த இந்திய வானியலாளர் ஆவார். தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வான்காணகத்தில் பணியாற்றியமையால் இளமையிலேயே விண்ணோக்குதலில் ஈடுபட்டு, மாணவப் பருவத்திலேயே மாறொளிர் விண்மீன்கள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1949 ஜூலையில், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவராக அவர் எடுத்த வான் ஒளிப்படத் தகடொன்றில் அதுவரை அறியப்படாத வால்வெள்ளி பதிந்திருந்தது. அதனை உறுதிசெய்த பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகிர்க் ஆகியோரின் பெயர்களும் சேர்ந்து அது பாப்பு-போக்-நியூகிர்க் எனப்படுகிறது. தேடிக் கண்டதன்று, தற்செயலே. எனினும் தகட்டைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கே இத்தகைய தற்செயல் வாய்க்கும்.

1960ல் கொடைக்கானல் வான்காணகத்தின் இயக்குநரானார். பின்னர், நகர வெளிச்சம் எட்டாத ஜவ்வாது மலைக் காவலூரில் புதிய வான்காணகத்தை நிறுவினார். அங்கு அவர் திட்டமிட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி முடிவுறுமுன் மியூனிக்கில் காலமானார். 1986ல் இயங்கத் தொடங்கிய அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.