வாய்மை வழுவா அமைச்சர் காவ் யுன்

அரசன் மகிழும் சொல்லையே சொல்லி அவன் அருகில் நிற்போர் பலர். அவன் வெகுளுங்காலும் உண்மையை உரைத்து உறுதி நாடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், சீன நாட்டு வட வெய் அரசில் ஐம்பது ஆண்டுக்கு மேல் அலுவல் புரிந்த காவ் யுன் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

காவ் யுன் கி. பி. 390-ஆம் ஆண்டில் போஹாய்ப் பகுதிக் கற்றோர் குடியொன்றில் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பப் பொருளைத் தம்பியர் இருவர்க்கும் விடுத்துப் பௌத்தத் துறவியாய்ச் சில காலம் வாழ்ந்து, பின்னர் அக்கோலம் நீத்தார். நூல்களைத் தாமே சுமந்து நெடுந்தொலைவு சென்று ஆசிரியரை நாடிக் கற்றார். தொன்னூல்களேயன்றி வானநூலும் காலக்கணிதமும் அவர்க்குக் கைவந்தன. 431-இல் பேரரசன் டாய்வூ அறிஞர் பலரைத் தலைநகராகிய பிங்செங்குக்கு அழைத்தபோது, நாற்பதைக் கடந்திருந்த காவ் யுனும் அழைக்கப்பெற்றார். பின்னர்ப் பட்டத்திளவரசன் துவோபா ஹுவாங்குக்குக் கல்வி கற்பிக்கும் பொறுப்பும் அவரைச் சார்ந்தது.

அவ்வவையில் முதன்மை பெற்றிருந்தவர் சுய் ஹாவ் என்னும் பேரமைச்சர். ஹான் குலத்து முதலாண்டின் பத்தாந் திங்களில் கோள்கள் ஐந்தும் ஒருங்கு கூடின என்னும் பழைய குறிப்பை அவர் ஏற்றிருந்தார். புதனும் வெள்ளியும் ஞாயிற்றைவிட்டு நெடுந்தூரம் அகலாவாதலின் அத்திங்களில் அது நிகழ்தல் இயலாதெனக் காவ் யுன் மறுத்தார். ஓராண்டுக்கு மேற் கழிந்தபின், சுய் ஹாவே ஆராய்ந்து அவர் கூற்றை ஒப்பினார். மேலோர் கூறினும் பிழை பிழையே என்னும் துணிவு அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தமை இதனாற் புலனாகும்.

இவ்விருவரும் அரசின் வரலாற்றை எழுதும் பணியில் அமர்த்தப்பட்டனர். அவ்வரலாற்றைக் கல்லில் வெட்டி வழியோரம் நிறுத்துமாறு சுய் ஹாவுக்குச் சிலர் தூண்டுரை கூறினர். இதனாற் பெருங்கேடு விளையுமெனக் காவ் யுன் அஞ்சினார், அஞ்சியவாறே ஆயிற்று. ஆளுங்குடியின் முன்னோர் செயல்களை மறையாது கூறிய அவ்வெழுத்தை வழிப்போக்கரெல்லாம் கண்டு பேசவே, அக்குடியினர் சினந்தனர். 450-இல் சுய் ஹாவ் சிறைப்பட்டார்.

தம் ஆசிரியரைக் காக்க விழைந்த இளவரசன், அவரை அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தன் சொல்லுக்கு இசைந்து விடைகூறுமாறு வேண்டினான். நூல் முழுதும் சுய் ஹாவின் ஆக்கமே என்று அவன் தந்தையிடம் முறையிட்டான். பேரரசன் வினவியபோது காவ் யுன் கூறியதோ வேறு. சுய் ஹாவ் பெரும்பாலும் மேற்பார்வையே செய்தாரென்றும், எழுதியதில் மிகுதி தம்முடையதே என்றும் விடையிறுத்தார். இளவரசன் நடுங்கி, அச்சத்தால் ஆசிரியர் மதி மயங்கினாரென்றான். மயக்கம் ஏதுமில்லை, நெடுநாட் கற்பித்த அன்பினாலேயே இளவரசர் தம் உயிரைக் காக்க முயல்கின்றார் என்று அதனையும் அவர் மறுத்தார். சாவின் முன்னும் சொல் மாறாத அவர் நேர்மையை வியந்து பேரரசன் மன்னித்தான்.

இம்மட்டோடு அவர் அமைந்திலர். சுய் ஹாவ் முதலாக 128 பேரையும் அவர்தம் கிளைஞரையும் கொல்லும் ஆணையை எழுதப் பணிக்கப்பட்டபோது எழுதாது காலந் தாழ்த்தார். இக்குற்றம் ஒன்றே ஆயின் அது சாவுக்குரியதன்று என்று அரசன் முகத்துக்கு நேரே இடித்துரைத்தார். மீண்டும் அவரைப் பற்ற ஆணை பிறந்தது. இளவரசன் இரந்து காத்தான். முடிவில் சுய் ஹாவும் அவர் குலத்தாரும் அழிந்தனராயினும், ஏனையோரின் சுற்றத்தார் தப்பினர். இவ்வமைச்சர் இல்லாதிருப்பின் மேலும் சில ஆயிரவர் மாண்டிருப்பர் என்று பேரரசனே கூறினான்.

அவர் இவ்வாறு உயிரைப் பணயம் வைத்ததன் காரணம் யாது? முன்பொருகால் ஜாய் ஹெய்ட்ஸு என்னும் அதிகாரி, தூது சென்றவிடத்து ஆயிரம் சுருள் துணியைக் கையூட்டாகப் பெற்று, அது வெளிப்பட்டபோது காவ் யுனிடம் வழி கேட்டான். உண்மையை ஒப்புக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். அவனோ பிறர் சொற்கேட்டு மறைத்து மாண்டான். அவனுக்குக் கூறிய அறிவுரையைத் தமக்கு நேர்ந்தபோது கைவிட்டால் அவனுக்கு இழைத்த இரண்டகமாகும் என்றே தாம் இளவரசன் சொற்படி நடவாமைக்குக் காரணம் கூறினார். பிறர்க்கு உரைப்பது எளிது; உரைத்தவாறே நிற்பதன் அருமையை இந்நிகழ்ச்சியிற் காண்கின்றோம்.

அடுத்து ஆண்ட வென்செங் பேரரசன் புதிய அரண்மனை எழுப்ப முனைந்தபோது, இருபதினாயிரம் பேர் உழைக்க, அவர்க்கு உணவு கொணரும் முதியோரும் சிறாருமாக நாற்பதினாயிரவர் வேளாண்மை இழப்பர் எனக் கணக்கிட்டுக் காட்டித் தடுத்தார். அரசன் குறைகளை அவையில் வெளிப்படப் பேசாது தனித்தே உரைப்பது அவர் இயல்பு. அக்காலத்து அந்நாட்டு அலுவலர்க்கு ஊதியமில்லை; 484-இல்தான் அது ஏற்பட்டது. இருபத்தேழு ஆண்டு பதவி உயர்வின்றி உழைத்த அவர் வீட்டில் மைந்தர் விறகு வெட்டி உதவினர். ஒருநாள் பேரரசன் அங்குச் சென்று, கூரை வேய்ந்த சில அறைகளும், முரட்டுப் போர்வையும், அடுக்களையில் உப்பிட்ட காய்கறியும் மட்டுமே கண்டு பெருமூச்செறிந்தான். 500 சுருள் பட்டும் தானியமும் அளித்தான்.

அவர் ஆற்றிய பணிகளுள் மாணவராகிய நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது ஒன்றுண்டு. 466-இல் அவர் முதலானோர் வகுத்த திட்டப்படி மாநிலத்து ஊர்கள்தோறும் அரசுப் பள்ளிகள் அமைந்தன. பெரிய பகுதிக்கு ஆசிரியர் இருவர், துணையாசிரியர் நால்வர், மாணவர் 100 பேர். மிகச் சிறிய பகுதிக்கும் மாணவர் 40 பேர் என்று அளவு வகுக்கப்பட்டது.

அரசர் ஐவர்க்கு ஊழியஞ் செய்து, ஒருமுறையும் தண்டனை பெறாது, சீனர் கணக்கின்படி தொண்ணூற்றெட்டு வயது நிரம்பி 487-இல் அவர் மறைந்தார். அரசனுக்கு அஞ்சிப் பொய்த்தோர் பலர் அவனாலேயே அழிய, அஞ்சாது மெய்யுரைத்தவர் நூறாண்டை அணுகி வாழ்ந்தார். எனினும் நீண்ட வாழ்நாளை எண்ணி அவர் மெய் பேசினாரல்லர். அன்றைக்கே சாவு வருமென அறிந்தே பேசினார். அதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.