பயணத்துக்கு முந்திய நாற்பது ஆண்டுகள்

நாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதி 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 44. கனெக்ரிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. ஒரு மாலை மேடையேறி ஆடிவிட்டுத் திரும்பும் அழைப்பன்று அது. அங்கேயே தங்கி, மாணவர்களுக்குக் கற்பித்து, ஆடியும் காட்டவேண்டும். வதிவிடக் கலைஞர் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

அவருடைய வாழ்க்கையை இவ்விதழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் கீரிமலையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து கற்பிப்பவள். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு வெளிநாடொன்றில் மூன்று மாதம் தங்கி ஓவியம் வரைய அழைப்பு வந்திருக்கிறது. பிள்ளை எதை எதை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். கடவுச்சீட்டு, விசா, காப்புறுதி, குளிருக்கு உடுப்பு, வழக்கமான மருந்து, தாள், தூரிகை என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அது அரை மணி நேர வேலை. பட்டியலில் எழுத முடியாத ஆயத்தம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பாலசரஸ்வதியின் கதைதான் துணை.

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி சென்னையில் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் சிறந்த பாடகி. தலைமுறை தலைமுறையாக இசையும் ஆடலும் பெண்களின் கையில் இருந்த குடும்பம் அது. தேவதாசி மரபைச் சேர்ந்த அக்குடும்பத்தின் முன்னோர் ஒருவர் தஞ்சை அரண்மனையில் ஆடியவர். ஆனால் பாலசரஸ்வதி குழந்தையாக இருந்த காலத்தில் அந்த மரபின் மீது சமூகத்தின் வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளையை ஆட விடுவது அவமானம் என்று உறவினரே நினைத்தார்கள். தாய் ஜெயம்மாள் அசையவில்லை. மகளுக்கு 4 வயதானபோது கந்தப்பபிள்ளையிடம் ஒப்படைத்தார்.

கந்தப்பபிள்ளை கண்டிப்பானவர். ஓர் அடவு சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். வீட்டில் தாயின் பாட்டும் பாட்டியின் வீணையும் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். 1925இல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தது. 1934இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டுக்கு வெளியே அவர் ஆடிய முதல் மேடை அதுதான்.

அதன்பின் வந்தவை சோதனையான வருடங்கள். 1938இல் பாட்டி மறைந்தார். 1941இல் குருவும் மறைந்தார். உடல்நலமும் ஒத்துழைக்கவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தவென்று வந்த சட்டம் அது. ஆனால் மற்றக் குடும்பத்துப் பெண்கள் பரதநாட்டியம் கற்று மேடையேறிய அதே காலத்தில், அந்தக் கலையைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்தார்கள். பாலசரஸ்வதிக்கும் அழைப்புகள் குறைந்தன.

அந்தக் காலத்தில் அவர் ஆட்டத்தை விட்டுவிடவுமில்லை, காலத்துக்கேற்ற புதுமை என்று அதை மாற்றவுமில்லை. 1953இல் சென்னை மியூசிக் அக்கடமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி தொடங்கிற்று. அங்கே குருவின் மகன் கணேசனோடு சேர்ந்து கற்பித்தார். கற்பிக்கும்போதுதான் தனக்குத் தெரிந்ததை ஒருவர் முழுதாக அறிகிறார் என்று நான் நினைக்கிறேன். 1955இல் சங்கீத நாடக அக்கடமி விருதும் 1957இல் பத்மபூஷணும் வந்தன. 1961இல் டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். அடுத்த ஆண்டு அமெரிக்கா.

அந்த அழைப்பு வந்த வழியையும் கவனியுங்கள். றொபேட் பிரவுண் என்ற அமெரிக்க இளைஞர் சென்னைக்கு வந்து, பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதனிடம் மிருதங்கம் படித்தார். பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இன்னொரு தம்பியான விசுவநாதன் புல்லாங்குழல் கலைஞர். லொஸ் ஏஞ்சலிஸில் படித்துத் திரும்பியவர். வீட்டுக்கு வந்த மாணவருக்கு அக்கறையோடு சொல்லிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் கதவு அந்த வழியாகத் திறந்தது.

அமெரிக்காவில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தமிழோ தெலுங்கோ தெரியாது. மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலும் அந்த ஆண்டு ஆடினார். அங்கும் அலாரிப்பு, வர்ணம், பதம் என்று தன் மரபைத்தான் ஆடினார். வெளிநாட்டாருக்கென்று வேறொன்றைச் செய்துகொண்டு போகவில்லை. கண்ணனை அழைக்கும் ஒரு கன்னடப் பாடலைத் தானே பாடிக்கொண்டு ஆடுவதில் அவர் பெயர்பெற்றவர். சென்னையிலும் எத்தனை பேருக்குக் கன்னடம் தெரியும்? தாயின் ஏக்கம் முகத்திலும் கையிலும் தெரிந்தது, அது போதுமாயிருந்தது.

எங்கள் கீரிமலைக் கேணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சுவருக்கு அப்பால் கடல். இப்பால் நன்னீர் ஊறுகிறது. அந்த நீர் கரையில் உண்டானதன்று. உள்ளூரில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்தின் கீழே நடந்து வந்து, கடலோரத்தில் வெளிப்படுகிறது. பாலசரஸ்வதி 44 வயதில் அந்நிய மண்ணில் காட்டியதும் அப்படித்தான். நாலு வயதுப் பிள்ளையின் அடவும், தாயின் பிடிவாதமும், பாட்டியின் வீணையும் அதற்குள் இருந்தன.

இப்போது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1990இல் எங்கள் ஊரும் வெறுமையாயிற்று, உங்கள் வீடுகளும் வெறுமையாயின. எதைக் கொண்டுபோவது என்று யோசிக்க அன்று ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. போனவர்கள் திரும்பி வர எத்தனை வருடம் எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பிள்ளை பெட்டி எடுத்தாலே நமக்கு நெஞ்சு பதைக்கிறது. அது பிழையில்லை. ஆனால் இந்தப் பிள்ளை துரத்தப்பட்டுப் போகவில்லை; அழைக்கப்பட்டுப் போகிறாள். திரும்பி வரும் திகதி அவள் பயணச்சீட்டிலேயே இருக்கிறது. ஜெயம்மாள் ஊராரின் பேச்சுக்குப் பயந்திருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவியரே, உங்களுக்கும் ஒன்று. அழைப்பு வந்த பிறகு ஆயத்தப்படுத்தலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு கலையையாவது அடிவரை கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைத் தங்கைக்கோ அயல்வீட்டுப் பிள்ளைக்கோ சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். உம்மாவும் உம்மும்மாவும் பாய் பின்னியதை, பாடியதை, சொன்ன கதையை அருகிலிருந்து கேட்டு எழுதி வையுங்கள். நீங்கள் போகுமிடத்தில் கடையில் கிடைக்காதது அதுதான்.

பாலசரஸ்வதி 1963இல் எடின்பரோ விழாவில் ஆடினார். பின்னரும் பலமுறை அமெரிக்கா சென்று கற்பித்தார். தம்பியர் இருவரும் வெஸ்லியனிலேயே ஆசிரியர்களானார்கள். 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்மவிபூஷண். சத்யஜித் ராய் அவரைப் பற்றி 1976இல் ஒரு படம் எடுத்தார். 1984 பெப்ரவரி 9ஆம் திகதி சென்னையில் மறைந்தார். மகள் லட்சுமி அந்த ஆடலைத் தொடர்ந்து இரு நாடுகளிலும் ஆடினார். ஒரு தாய் தன் 4 வயது மகளுக்காக எடுத்த முடிவு அவ்வளவு தூரம் போயிற்று.