டாக்டர் ஆகும் முன்பே இன்சுலின் ஆய்வில் இறங்கிய மாணவர்: யார் இந்த சார்லஸ் பெஸ்ட்?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் மெடிக்கல் காலேஜில் சேர விண்ணப்பிக்கும் மாணவர்களிடம், ஆராய்ச்சி அனுபவம் இருக்கிறதா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கு லேப் வேலை எதற்கு என்று பலருக்கும் தோன்றலாம். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் 22 வயது மாணவர் ஒருவர் செய்த வேலையைப் பார்த்தால் இதற்கான பதில் புரியும். அவர்தான் சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1899 பிப்ரவரி 27-ம் தேதி, அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் வெஸ்ட் பெம்புரோக் என்ற ஊரில் பிறந்தார் பெஸ்ட். பெற்றோர் கனடாவைச் சேர்ந்தவர்கள். அப்பா டாக்டர். பெஸ்ட்டின் அத்தை சர்க்கரை நோயால் இறந்துபோனார். அப்போதெல்லாம் டைப் 1 சர்க்கரை நோய் வந்தால் பட்டினிக்குச் சமமான உணவுக் கட்டுப்பாடுதான் சிகிச்சை. அதுவும் சாவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பிய பெஸ்ட், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் படித்தார். 1921-ல் பட்டம் கைக்கு வந்தது. மருத்துவப் படிப்பு இன்னும் பாக்கி.

பூவா, தலையா?

அதே நேரத்தில் ஃபிரெட்ரிக் பேன்டிங் என்ற இளம் அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு யோசனையோடு டொராண்டோ வந்தார். கணையத்திலிருந்து குடலுக்குப் போகும் நாளத்தைக் கட்டிவிட்டால், செரிமான நீர் சுரக்கும் செல்கள் அழிந்துவிடும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருள் மட்டும் மிஞ்சும். அதைப் பிரித்தெடுக்கலாம் என்பது அவர் கணக்கு. உடலியங்கியல் துறைத் தலைவர் ஜான் மெக்லியட் லேபையும் நாய்களையும் கொடுத்தார். உதவிக்கு பெஸ்ட், கிளார்க் நோபிள் என்ற இரண்டு மாணவர்களையும் ஒதுக்கினார்.

கோடை விடுமுறையில் யார் முதலில் வேலை பார்ப்பது? இரண்டு பேரும் பூவா தலையா போட்டுப் பார்த்தார்கள். முதல் முறை பெஸ்ட்டுக்கு வந்தது. பாதியில் நோபிள் வந்து மாற்றிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அதற்குள் பெஸ்ட் வேலையில் நன்றாகத் தேறிவிட்டதால் அவரே தொடர்ந்தார்.

பெஸ்ட் என்னதான் செய்தார்?

1921 மே 17-ல் வேலை தொடங்கியது. கத்தி பிடிப்பது பேன்டிங். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளப்பது பெஸ்ட். கேட்க சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் நாய்க்குச் செலுத்திய சாறு வேலை செய்ததா இல்லையா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். எண் தப்பென்றால் எல்லாமே தப்பு.

அது பெஸ்ட்டுக்குச் சீக்கிரமே உறைத்தது. ஜூனில் ராணுவப் பயிற்சிக்காகச் சில நாள் போய்வந்தவரை பேன்டிங் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் குடுவைகள் அழுக்காக இருக்கின்றன, கரைசல்களின் அளவு சரியில்லை, இப்படியே போனால் எந்த முடிவையும் நம்ப முடியாது என்று கடுமையாகத் திட்டியதாகப் பின்னாளில் பேன்டிங்கே எழுதியிருக்கிறார். பெஸ்ட் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவி, கரைசல்களைப் புதிதாகத் தயாரித்தார். அதற்குப் பிறகு அப்படி ஒரு சண்டைக்கு இடமே வரவில்லை.

பல நாய்கள் அறுவை சிகிச்சையிலேயே இறந்தன. ஜூலை 30-ம் தேதி, கணையம் அகற்றப்பட்ட ஒரு நாய்க்குச் சாற்றைச் செலுத்தினார்கள். ஒரே மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமிலிருந்து 120-க்கு இறங்கியது. அந்த நாய் பிழைக்கவில்லை. ஆனாலும் வழி சரி என்ற நம்பிக்கை வந்தது.

நாயிலிருந்து நோயாளிக்கு

டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். 1922 ஜனவரி 11-ல், பேன்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு அவனுக்குச் செலுத்தப்பட்டது. சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, ஆனால் போதவில்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்துவிட்டது. சாற்றில் அவ்வளவு அசுத்தம். சிகிச்சை நிறுத்தப்பட்டது.

அப்போது கைகொடுத்தவர் ஜேம்ஸ் காலிப். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இந்த உயிர்வேதியியலாளர், ஆல்கஹாலின் அடர்த்தியை மாற்றி மாற்றிச் சாற்றைச் சுத்தப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். ஜனவரி 23-ல் மறுபடியும் ஊசி. இந்த முறை 520-ல் இருந்த சர்க்கரை 24 மணி நேரத்தில் 120-க்கு வந்தது. லெனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நாய்க்கு வேலை செய்வது ஒன்று, நோயாளிக்கு மருந்தாவது வேறொன்று. நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை, மருத்துவப் படிப்பை முடிக்கும் முன்பே பெஸ்ட் கண்ணால் பார்த்துவிட்டார். அதே 1922-ல், இன்சுலினை அதிக அளவில் தயாரிக்கும் பொறுப்பும் கன்னாட் ஆய்வகத்தில் அவரிடம் வந்தது. இன்சுலின் காப்புரிமையை பேன்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள்.

கைவிட்டுப்போன நோபல்

1923-ல் மருத்துவ நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மெக்லியட்டுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் பெயரை யாரும் பரிந்துரைக்கவே இல்லை. கொதித்துப்போன பேன்டிங் தன் பரிசுத் தொகையில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லியட் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார்.

பெஸ்ட் படிப்பைத் தொடர்ந்தார். 1925-ல் டாக்டர் பட்டம். அடுத்து லண்டனில் ஹென்றி டேலிடம் ஆய்வு. 1929-ல், 30 வயதில், மெக்லியட் வகித்த அதே பேராசிரியர் பதவி. கொழுப்பு ஈரலில் சேராமல் காக்கும் கோலின் பற்றிய ஆய்வுகள் அவர் குழுவிலிருந்து வந்தவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைச் சுத்தப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோன வேலையும் அவர் தொடங்கிவைத்ததுதான். அந்த ஹெப்பாரின் பற்றி 1916-ல் முதலில் எழுதிய ஜே மெக்லீன், அப்போது மருத்துவ மாணவர். இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை 1869-ல் பெர்லினில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸும் மாணவர்தான்.

நோட்டுப்புத்தகம் சொன்ன கதை

பெஸ்ட் வாழ்க்கையில் ஒரு நெருடலும் உண்டு. வயதான காலத்தில் இன்சுலின் கதையைச் சொல்லும்போது தன் பங்கைக் கூட்டியும், காலிப், மெக்லியட் பங்கைக் குறைத்தும் அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1978 மார்ச் 31-ல், 79 வயதில் பெஸ்ட் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மைக்கேல் பிளிஸ் எழுதிய புத்தகம் நால்வரின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. அதற்குப் பெரிதும் உதவியவை 1921-ன் லேப் நோட்டுகள். எந்த நாய், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எவ்வளவு சர்க்கரை என்று பேன்டிங்கும் பெஸ்ட்டும் அன்றன்றே எழுதி வைத்தவை.

விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காக லேபுக்குப் போகிறவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கலாம். பெஸ்ட்டுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. குடுவையைச் சரியாகக் கழுவுவது, எண்ணைச் சந்தேகப்படுவது, தோல்வியையும் தேதி போட்டு எழுதி வைப்பது என்று எல்லாமே அந்தக் கோடையில் கற்றவைதான். இன்றைக்கும் ஒரு நோயாளியின் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்சுலின் அளவை எழுதும் டாக்டர், எங்கோ ஒருவர் சரியாக அளந்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறார்.