சாசனத்தில் சொல்லாத அதிகாரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுக்கு பென்ஷன் தந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ்

அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களுக்கு மாதாமாதம் அரசிடமிருந்து ஒரு தொகை வருகிறது. அதற்குப் பெயர் சோஷியல் செக்யூரிட்டி. ஆனால் அந்த நாட்டு அரசியல் சாசனத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும், முதியவர்களுக்கு ஓய்வூதியமோ வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையோ தரும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்று ஒரு வரிகூட கிடைக்காது. அப்புறம் எப்படி வந்தது இந்தத் திட்டம்? அதற்குப் பின்னால் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் இருக்கிறார். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

யார் இவர்?

1880-ல் பாஸ்டனில் பிறந்தார். வளர்ந்தது அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில். மவுண்ட் ஹோல்யோக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1902-ல் பட்டம் பெற்றார். அங்கே பொருளாதார வரலாற்று வகுப்புக்காக ஆலைகளை நேரில் போய்ப் பார்த்தது அவரை மாற்றியது. உழைப்பவர் ஏழையாக இருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு, கையை இழந்த தொழிலாளிக்கு நஷ்ட ஈடுகூட கிடைக்காத நிலைமை கண்ணில் பட்டது.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பக்கத்தில் ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்த பெர்கின்ஸ் சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. ஏணிகள் மேல்மாடி வரை எட்டவில்லை. பெண்கள் ஜன்னல் வழியாகக் குதித்ததை அவர் நேரிலேயே பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து குடியேறிய இளம்பெண்கள்.

அதன் பிறகு நியூயார்க் மாநிலம் அமைத்த விசாரணைக் குழுவுக்காக பெர்கின்ஸ் உழைத்தார். அவசர வழி, தீயணைப்புப் பயிற்சி, வேலை நேரம் என்று பல சட்டங்கள் வரிசையாக வந்தன. மாநில அரசுக்கு இது சுலபம். மக்களின் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பாகச் சட்டம் போடும் பொது அதிகாரம் அங்கே மாநிலங்களிடம்தான் இருக்கிறது. சிக்கல் தொடங்கியது அவர் வாஷிங்டனுக்குப் போன பிறகுதான்.

பதவிக்கு முன் ஒரு பட்டியல்

1933-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகப் பொறுப்பேற்கத் தயாரானபோது, நாட்டில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தொழிலாளர் துறைக்கு அமைச்சராக வரும்படி பெர்கின்ஸை அழைத்தார். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. தான் செய்ய நினைப்பவற்றைப் பட்டியல் போட்டு எடுத்துப்போனார். முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரத்துக்கு வரம்பு, குழந்தைத் தொழிலுக்குத் தடை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் இருந்தன. இதற்கெல்லாம் சம்மதம் என்றால் வருகிறேன் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதிபர் சம்மதித்தால் மட்டும் போதாது. சாசனம் இடம்தர வேண்டுமே!

உட்கிடை அதிகாரம்னா என்ன?

அமெரிக்க சாசனம் மத்திய அரசுக்கு உரிய அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. வரி விதிக்கலாம், கடன் வாங்கலாம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்று போகும் அந்தப் பட்டியல். அதில் இல்லாதது மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது. ஆனால் பட்டியலின் கடைசியில் இன்னொரு வாசகமும் உண்டு. மேலே சொன்ன அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான, பொருத்தமான சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றலாம் என்பது அதன் பொருள்.

இதிலிருந்து பிறந்ததுதான் உட்கிடை அதிகாரம். ஆங்கிலத்தில் இம்ப்ளைட் பவர்ஸ். 1819-ல் ஒரு வழக்கு வந்தது. மத்திய அரசு வங்கி தொடங்கலாமா? சாசனத்தில் வங்கி பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் வங்கி உதவும் என்பதால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுருக்கமாகச் சொன்னால், வெளிப்படையாகத் தந்த ஓர் அதிகாரத்தில் வேர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கிளை சாசனத்தில் எழுதப்படாததாக இருந்தாலும் பரவாயில்லை.

பெர்கின்ஸுக்கு இருந்த கேள்வியும் இதுதான். பென்ஷன் என்ற கிளைக்கு வேர் எங்கே?

தேநீர் விருந்தில் கிடைத்த வழி

1934-ல் ரூஸ்வெல்ட் அமைத்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கு பெர்கின்ஸ்தான் தலைவர். எந்த அதிகாரத்தின் கீழ் சட்டம் எழுதுவது என்று நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உச்ச நீதிமன்றமோ ரூஸ்வெல்ட் அரசின் புதிய சட்டங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் நீதிபதிகள் வலுவாக இருந்த இடம்.

அந்தச் சமயத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஸ்டோன் வீட்டுத் தேநீர் விருந்துக்கு பெர்கின்ஸ் போயிருந்தார். பேச்சுவாக்கில் தன் கவலையைச் சொன்னார். வரி விதிக்கும் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும் என்ற பொருளில் ஸ்டோன் மெல்லச் சொன்னாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் பெர்கின்ஸேதான். குழுவிடம் வரி வழியில் போவோம் என்று உறுதியாகச் சொன்னவர், யோசனை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வெளியே விடவில்லை.

சட்டம் அந்த வழியிலேயே எழுதப்பட்டது. முதியோருக்குப் பணம் தருவது ஒரு பகுதியில் இருந்தது. முதலாளியிடமும் தொழிலாளியிடமும் வரி வசூலிப்பது வேறொரு பகுதியில் இருந்தது. சட்டப்படி இரண்டும் தனித்தனி. வரி பொதுக் கருவூலத்துக்குப் போகும், நாட்டின் பொது நலனுக்காக அங்கிருந்து செலவு நடக்கும். வரி போடுவதும் பொது நலனுக்குச் செலவு செய்வதும் சாசனத்தில் இருப்பவை. அதற்கு ஒரு வாரியம் அமைப்பது, தொழிலாளர் கணக்குகளைப் பராமரிப்பது எல்லாம் கிளைகள்.

வேலையின்மைக் காப்பீட்டில் இன்னொரு உத்தி. முதலாளிகளுக்கு மத்திய வரி. ஆனால் மாநிலத்தின் காப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டினால், அந்த வரியில் 90 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். இதனால் மாநிலங்கள் தாங்களாகவே திட்டம் தொடங்க முன்வந்தன. 1935 ஆகஸ்ட் 14-ல் சட்டம் கையெழுத்தானது.

நீதிமன்றத்தில் தப்பியது எப்படி?

பயம் வீணானது இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ரயில்வே ஊழியர் ஓய்வூதியச் சட்டத்தை 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்தச் சட்டம் நம்பியிருந்தது வணிக அதிகாரத்தை. ஓய்வூதியத்துக்கும் ரயில் வணிகத்துக்கும் போதுமான தொடர்பு இல்லை என்பது தீர்ப்பு.

சோஷியல் செக்யூரிட்டிக்கு எதிராக அலபாமாவின் ஒரு நிறுவனம் தான் கட்டிய 46 டாலர் 14 சென்ட் வரியைத் திருப்பிக் கேட்டது. பாஸ்டனில் ஒரு மின் நிறுவனப் பங்குதாரர் முதியோர் பென்ஷனை எதிர்த்தார். 1937 மே 24-ல் இரண்டிலும் அரசே வென்றது. முதல் வழக்கில் 5-4, இரண்டாவதில் 7-2. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. வேலையின்மையும் முதுமை வறுமையும் மாநில எல்லைக்குள் அடங்கும் பிரச்சினைகள் இல்லை, அதனால் அது நாட்டின் பொது நலன்தான் என்பது அவர் வாதத்தின் மையம்.

விடுபட்டவர்கள்

வெற்றி முழுமையானது இல்லை. பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் 1935 சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. கறுப்பினத்தவரில் பெரும் பகுதியினர் அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். 1950-களில்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. மருத்துவக் காப்பீடோ, மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பால் மசோதாவிலேயே இடம்பெறவில்லை.

பெர்கின்ஸுக்குச் சொந்த வாழ்க்கையும் லேசாக இல்லை. கணவர் மனநோயால் அடிக்கடி பாதிக்கப்பட்டார். குடும்பத்தைத் தாங்கியது இவர் சம்பளம்தான். 1939-ல் ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்று பதவி நீக்கத் தீர்மானமே கொண்டுவந்தார்கள். அது நிற்கவில்லை. 1945 வரை 12 ஆண்டுகள் அமைச்சராக இருந்தார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

2012-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் உச்ச நீதிமன்றம் போனது. எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை வணிக அதிகாரமும் தாங்கவில்லை, தேவையான, பொருத்தமான சட்டம் என்ற வாசகமும் தாங்கவில்லை. எடுக்காதவர் கட்டும் தொகையை வரியாகக் கருதலாம் என்பதால்தான் அது 5-4 என்று பிழைத்தது. ஸ்டோன் காட்டிய அதே வழி. ஒரு நலத்திட்டம் எவ்வளவு நல்லது என்பதோடு, அது எந்த அதிகாரத்தில் ஊன்றி நிற்கிறது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

பெர்கின்ஸ் கடைசிவரை கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, 1965 மே 14-ல் காலமானார். அவர் பட்டியலில் நிறைவேறாமல் நின்றது மருத்துவக் காப்பீடு. அவர் இறந்த பதினோராவது வாரம், ஜூலை 30-ல், முதியவர்களுக்கான மெடிகேர் திட்டம் சட்டமானது. அது சேர்க்கப்பட்டதும் 1935-ன் அதே சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தில்தான்.