சவேரியாரும் அரசியின் காலணிப் பணமும்



பங்கு வரி கேட்டு அன்பியப் பொறுப்பாளர்கள் வரும்போது, கோவிலுக்கு எதற்கு இத்தனை பணம் என்ற முணுமுணுப்பு பழங்காநத்தம் போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் வாழும் நம்மிடையேயும் எழுவதுண்டு. ஆயர் இல்லம் பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வில் நாம் அதிகம் கேட்டிராத ஒரு பக்கத்தை இவ்வேளையில் புரட்டிப் பார்ப்போம்.

1506-ஆம் ஆண்டு நவார் நாட்டில் உயர்குடியில் பிறந்தவர் இவர். பாரிசில் படிக்கும்போது புனித இஞ்ஞாசியாரின் தோழரானார். 1541-இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறியபோது, திருத்தந்தையின் தூதருக்கு ஒரு பணியாளராவது வேண்டாமா என்று அரச அதிகாரிகள் வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டார். தமக்கென எதுவும் கேட்காத அந்த மனிதர், பிறருக்காகக் கேட்கக் கூசியதே இல்லை.

1542 இறுதியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன், 1536-37-இல், பரதவ மக்கள் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களோடு தங்கிக் கற்பிக்க யாரும் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் பலருக்கு ஒன்றும் தெரியாது. சவேரியார் தமிழறிந்தவர்களைக் கூட்டி செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்றார். அவர் அடுத்த ஊருக்குப் போனதும் முதல் ஊரில் யார் சொல்லித் தருவது? ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தினார். இன்றைய நம் வேதியர், கோவில்பிள்ளை ஆகியோரின் முன்னோடிகள் அவர்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, உலை கொதிக்க வேண்டும்.

அந்நாளில் இக்கடற்கரை மக்கள் செலுத்திய வரியிலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆம், காலணிக்குத்தான்! சவேரியார் அந்தப் பணத்தையே கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு ஆளுநரிடம் கேட்டுப் பெற்றார். அரசிக்கும் எழுதினார். அவரை விண்ணகத்துக்கு ஏற்றிச்செல்ல இக்குழந்தைகளின் செபங்களைவிடச் சிறந்த காலணி இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அரசியின் பெருந்தன்மை என்று இதைப் புகழ்வார்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களின் உழைப்பு அவர்கள் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது என்றே நமக்குப் படுகிறது. திருச்சபையை அன்றும் தாங்கியது உள்ளூர் மக்களின் வியர்வைதான்.

பணம் வந்ததோடு அவர் வேலை முடியவில்லை. உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், மறையுண்மைகளுக்கு நடுவே, கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுப்பது பற்றியும் எழுதினார். புனிதருக்குச் சம்பளக் கணக்கா என்று வியக்க வேண்டாம்.

1544-இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பகுதியைத் தாக்கியபோது, மக்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பசியால் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உதவி கொண்டுபோக முயன்றார். எதிர்க்காற்று அவரைத் திருப்பியனுப்பியது. துயருற்ற மக்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்கு உதவ, ஊர்ப் பட்டங்கட்டிகளிடம் காணிக்கை திரட்டச் சொன்னார். அதிலும் ஒரு வரம்பு வைத்தார். விரும்பிக் கொடுப்பவரிடம் மட்டும் பெற வேண்டும், ஏழைகளை வற்புறுத்தக் கூடாது. வரி வசூலிக்கப் போகும் நம் பொறுப்பாளர்களும் இதை மறக்கலாகாது. வசதியிருந்தும் கதவைச் சாத்திக்கொள்பவர்களுக்கு அது சாக்காகவும் ஆகாது.

மலாக்கா, ஜப்பான் என்று தொடர்ந்த அவர் பயணம் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவொன்றில் முடிந்தது. 1622-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற கடற்கரை கொடுக்கக் கற்றிருந்தது. அருட்பணியாளர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் புன்னைக்காயலில் நடத்திய மருத்துவமனையை அம்மக்கள் தாங்கினர். அவர் தமிழில் நூல்கள் அச்சிட்டபோதும் பொருளுதவி செய்தனர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. நம் மதுரையில் 1595-இல் தொடங்கிய மறைத்தளமும், வணிகத்துக்காக இங்கே வந்த அதே பரதவ கிறிஸ்தவர்களுக்காக உருவானதே. ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது அவர்களுடைய சிற்றாலயம் இங்கே இருந்தது.