பசியைப் படித்த டாக்டரம்மா

ஜெர்மனியில் 1904-ல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஹில்டே புரூக்குக்குக் கணக்கில்தான் ஆசை. பிழைப்புக்காக மருத்துவம் படித்தார். ஹிட்லர் ஆட்சி வந்ததும் 1933-ல் இங்கிலாந்து, மறுவருஷம் நியூயார்க்.

குண்டுக் குழந்தை என்றால் சுரப்பிக் கோளாறு என்று அங்கே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். இந்த அம்மையார் குடும்பங்களைக் கவனித்தார். அழுதாலும் தீனி, அடம்பிடித்தாலும் தீனி! தனக்கு வந்தது பசியா, பயமா என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை. பட்டினி கிடந்து எலும்பாய்ப் போன இளம்பெண்களிடமும் பிற்பாடு இதே குழப்பத்தைக் கண்டார். சும்மா பிடிவாதம் என்று நம் வீடுகளில் அதட்டுகிறோமே, அது வேறு!

1964-ல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். விளக்கம் சொல்ல அவசரப்படாமல் நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பதே அவர் மாணவர்களுக்குத் தந்த பாடம். இளம் மருத்துவர்களுக்கென்றே 1974-ல் ஒரு நூலும் எழுதினார். பார்க்கின்சன் நோய் வந்தும் வேலையை விடவில்லை. 1984-ல் காலமானார்.