மாகாளிக் கிழங்கை ஆராய்ந்த குளித்தலைக்காரர்

போன கோடையில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு கடையில் நன்னாரி கேட்டு அரைக் கிலோ வேர் வாங்கி, வேங்கிக்காலுக்குக் கொண்டு வந்தேன். வாசனை பிரமாதம். ஆனால் என் மனைவி கையில் எடுத்த உடனே சொல்லிவிட்டாள், இது நன்னாரியே இல்லை, ஊறுகாய் போடும் மாகாளி என்று. வாசனை ஒன்றாக இருக்கும்போது வேர் எப்படி வேறாகும்? பி.காம். படித்து வங்கியில் பேரேடு புரட்டிய எனக்கு இது புரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்தவர்தான் பேராசிரியர் டி.ஆர். சேஷாத்ரி. நீங்களும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1900 பிப்ரவரி 3-ம் தேதி காவிரிக்கரைக் குளித்தலையில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் ஐந்து பேர், வசதி குறைவு. ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப்படிப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்த காலத்தில் ராமகிருஷ்ணா மிஷன் அவருக்குக் கைகொடுத்தது. அந்த உதவியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

1927-ல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். ராபின்சன் பின்னாளில், 1947-ல், நோபல் பரிசு பெற்றவர். ஊர் திரும்பும் முன் சேஷாத்ரி ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்குப் போய் ஃப்ரிட்ஸ் பிரெகலிடம் நுண்பகுப்பாய்வு கற்றுக்கொண்டார். அவரும் 1923-ல் நோபல் வாங்கியவர். சில மில்லிகிராம் பொருளை வைத்துக்கொண்டே அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிடும் முறை அது. மூட்டை வேரிலிருந்து சிட்டிகை அளவுப் பொருள்தான் கிடைக்கும் என்றால், இந்த வித்தை தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

வந்ததும் கோயம்புத்தூரில் மண் ஆய்வு வேலை. பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குப் பொறுப்பேற்றார். அங்கேதான் நம் மாகாளி வருகிறது. மாணவர் பாஸ்கர ராம மூர்த்தியோடு சேர்ந்து அந்த வேரை ஆராய்ந்து, சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழக இதழில் 1941-லும் அதையடுத்தும் தொடர் கட்டுரைகள் எழுதினார். குளித்தலை, ஸ்ரீரங்கம் பக்கம் மாகாளி ஜாடி இல்லாத வீடு குறைவு. சின்ன வயதில் மோர்சாதத்தோடு அவரும் சாப்பிட்டிருப்பார் என்பது என் ஊகம்.

வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து இன்னது என்று சொல்வது எப்படி? இடித்த வேரில் நீராவியைச் செலுத்தினால் வாசனைப் பொருள் ஆவியோடு கிளம்பும். குளிர வைத்தால் எண்ணெயாகவோ படிகமாகவோ தனியே நிற்கும். மாகாளியில் கிடைப்பது சுமார் 42 டிகிரியில் உருகும் படிகம். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலுக்குக் கொஞ்சம்தான் மேலே. அதன் பெயர் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. பெயர்தான் சரக்கு ரயில் மாதிரி நீளம். உள்ளே இருப்பது 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள். ஐஸ்கிரீமில் போடும் வெனிலாவின் வாசனைப் பொருளிலும் இதே கணக்குதான், அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு.

பெயர் சரிதானா என்று பார்க்க அந்தக் காலத்து வேதியியலாளர்களிடம் ஒரு முறை இருந்தது. ஆய்வகத்தில் செய்த பொருளை வேரில் கிடைத்ததோடு கலந்து உருக்குவார்கள். இரண்டும் ஒன்றே என்றால் உருகும் வெப்பநிலை மாறாது. வேறு என்றால் கீழே இறங்கிவிடும். பேரேட்டையும் பாஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டு டேலி பார்ப்பது போலத்தான்.

சேஷாத்ரி அதோடு விடவில்லை. மாகாளியையும் நன்னாரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டிலும் வாசனை தருவது ஒரே பொருள். ஆக, என் மூக்கு ஏமாந்ததில் தப்பில்லை! ஆனால் ஒரு வேரின் சரக்கு வாசனையோடு முடிவதில்லை. வாசனையே இல்லாத ஸ்டெரால், பிசின் வகைப் பொருள்களும் உள்ளே உண்டு. அவற்றையும் அவர் பிரித்துப் பார்த்தார். வாசனை ஒன்று என்பதால் நன்னாரிக்குச் சொன்ன மருத்துவ குணம் முழுக்க மாகாளிக்கும் பொருந்தும் என்று நாமாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் மைசூர் ஆய்வாளர்கள் மாகாளி வேருக்குச் சேமிப்புத் தானியப் பூச்சிகளைத் தடுக்கும் சக்தி இருப்பதைக் காட்டினார்கள்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டார்கள். பல்கலைக்கழகம் குண்டூருக்கு மாறியது. ஆய்வகத்தையே மூட்டை கட்டும் நிலையிலும் அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. பருத்திப் பூவின் மஞ்சள் நிறம், செஞ்சந்தனத்தின் சிவப்பு, கல்பாசி இனங்கள் என்று ஏராளமாகச் செய்தார். 1949-ல் டெல்லி பல்கலைக்கழகம் போனார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-ல் பத்மபூஷண். 1975 செப்டம்பர் 27-ல் டெல்லியில் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் உள்ளன.

மாகாளிக் கொடி தென்னிந்தியப் பாறை மலைகளில் மட்டுமே வளர்வது. கிழங்குக்காக வேரோடு தோண்டுவதால் இன்று அழியும் ஆபத்தில் உள்ள தாவரப் பட்டியலில் இருக்கிறது. நன்னாரி என்ற பெயரில் விற்பதும் அதற்கு ஒரு காரணம்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை வாங்கும்போது மூக்கை மட்டும் நம்பாதீர்கள், வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் பருமனுக்கு மேல் சதைப்பற்றாக இருந்தால் மாகாளி. கறுத்த தோலோடு கம்பி போல மெலிந்து, நடுவில் கட்டையாக இருந்தால் நன்னாரி. என் அரைக் கிலோ மாகாளி வீணாகவில்லை; தோல் சீவி, நடுநரம்பை எடுத்து, தயிரில் ஊறப்போட்டாகிவிட்டது.